பத்துக்குப் பத்தும் தப்பு

11.3.2007, ஞாயிறு

எலும்பில்லாத கறியாகக் கேட்டு வாங்கச் சொன்னேன். வந்ததில் பாதி எலும்பு. பிரியாணிக்கு ஆகாது என்று குழம்பாக வைத்துவிட்டேன்.

மூன்று மணிக்கு ஈஸ்வரபாண்டி சார் வந்தார், தேனி அல்லிநகரத்திலிருந்து பைக்கில், முதுகுப்பையில் புதுப்பெட்டியோடு. அங்கே காலேஜில் பிசிக்ஸ் வாத்தியார். மச்சானுக்கு, என் வீட்டுக்காரருக்கு, மிச்சமிருக்கிற ஒரே சிநேகிதம். மற்ற எல்லோரோடும் சண்டை போட்டாகிவிட்டது.

இந்த வீட்டில் பெட்டி என்றால் டேக். சி.டி.யில் பாட்டு வெறும் எண்ணாகத்தான் இருக்குமாம். அதை ஒலியாக மாற்றி ஆம்ப்ளிபயருக்குக் கொடுக்கிற பெட்டி அது. மச்சானுடையது சவுதியிலிருந்து கொண்டுவந்தது. சாருடையது சாமான்களாக வரவழைத்து அவரே ஈயம் வைத்துச் சேர்த்தது. இரண்டில் எது நன்றாகப் பாடுகிறது என்று கேட்பது, கேட்டுவிட்டு மூடியைக் கழற்றி உள்ளே இருப்பதைப் பிடுங்கி வேறொன்றை மாட்டுவது, மறுபடி கேட்பது. மச்சான் சவுதியிலிருந்து திரும்பி நாலு வருஷம். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் இதுதான்.

டீ எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். சாருடைய பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. புல்லாங்குழல். அதற்குப் பின்னால் ஊசி மாதிரி ஒன்று விடாமல் குத்திக்கொண்டே இருந்தது. வாய் தவறிக் கேட்டுவிட்டேன், "அந்தக் கீச்சுச் சத்தம் எதுக்கு?"

"என்ன கீச்சு?" என்றார் மச்சான்.

இரண்டு பேரும் ஸ்பீக்கரில் காதை வைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை என்றார்கள். சார் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு, பெட்டிக்குக் கரண்டு கொடுக்கிற அடாப்டரைப் பிடுங்கிவிட்டுப் பழைய டிரான்ஸ்பார்மரைச் செருகினார். "இப்ப?"

"இப்ப இல்ல."

என்னைக் கதவுக்கு வெளியே நிற்கவைத்து மாற்றி மாற்றிச் செருகினார். ஆறு தடவை. ஆறும் சரியாகச் சொன்னேன்.

"பாய், இது காது இல்ல, மீட்டரு," என்றார் சார்.

மச்சான் சிரிக்கவில்லை. டீயையும் தொடவில்லை.

13.3.2007

இரண்டு நாளாகப் பேச்சில்லை. இன்றைக்குச் சாப்பிடும்போது கேட்டார், "ஒனக்கு எப்பவுமே அதெல்லாம் கேக்குமா?"

"கேக்கும்."

"சொன்னதே இல்லையே?"

கல்யாணமாகி ஒன்பது வருஷம். யார் கேட்டது?

18.3.2007, ஞாயிறு

மாடி அறையின் நடுவில் நாற்காலி. மச்சானுடைய துண்டால் கண்ணைக் கட்டினார், எந்தப் பெட்டி ஓடுகிறது என்று நான் பார்த்துவிடக் கூடாதாம். முதலில் 'இது ஒண்ணு' என்று ஒரு பெட்டி, பிறகு 'இது ரெண்டு' என்று மற்றது. அப்புறம் ஏதாவது ஒன்றைப் போட்டுவிட்டு, இது எது என்று கேட்பது.

"அசையாத. தலையை ஆட்டாத. ஒண்ணா ரெண்டா, அதை மட்டும் சொல்லு. கதையெல்லாம் வேணாம்."

பதினாறு தடவை. ஒன்றே ஒன்று தப்பு. கழுத்து வலித்துக் கொஞ்சம் திரும்பிவிட்டேன், அதனால்தான்.

"தூங்கிட்டியா?" என்றார். சார் முன்னாலேயே.

பிறகு நோட்டில் எழுதிக்கொண்டே சொன்னார், "பிள்ளைதான் இல்ல. ஆண்டவன் இவளுக்குக் காதையாச்சும் குடுத்திருக்கானே சார், வீணாப் போகாம."

சார் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார். எனக்குக் கண் கட்டியிருந்தது, அப்படியானால் எப்படித் தெரியும்? நாற்காலி நகர்ந்த சத்தம். குரல் போன திசை.

29.4.2007, ஞாயிறு

புதுச் சட்டம். செல்லுக்கு அழைப்பு வருவதற்கு ஒரு நொடி முன்னாலேயே ஸ்பீக்கரில் டிடிட் டிடிட் என்று வருகிறதாம். அதனால் ஞாயிற்றுக்கிழமை மூன்றிலிருந்து ஐந்து வரைக்கும் வீட்டில் எல்லா செல்லும் ஆப். லேண்ட்லைன் ரிசீவர் எடுத்துக் கீழே வைக்கப்படும்.

13.5.2007, ஞாயிறு

வீரபாண்டித் திருவிழா, சார் வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் வந்திருக்கிறார்கள், அவர் வரவில்லை. விட்டது என்று நினைத்தேன். விடவில்லை. தனியாக உட்காரவைத்து நாற்பது தடவை. ஒரு கண்டென்சரை மாற்றியதில் வித்தியாசம் இருக்கிறதா என்று. இருந்தது. வயலின் ஓரத்தில் ஒரு பிசிறு போய்விட்டது, கம்பியில் வில் ஏறுகிற இடம்கூடத் தனியாகத் தெரிந்தது. அதைச் சொல்ல ஆசையாக இருந்தது.

"ஒண்ணா ரெண்டா?"

"ரெண்டு."

அவ்வளவுதான் சொல்ல அனுமதி.

ஒன்று எழுதிவைக்க வேண்டும். எனக்கு அந்த அறை பிடித்திருக்கிறது. நாற்காலியும் துண்டும் அல்ல. அந்த ஒலி. அவர் இல்லாமல் அது கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

9.7.2007, திங்கள்

அம்மாவுக்கு மூச்சிரைப்பு அதிகமாகிவிட்டது. தம்பி நௌஷாத் நேற்றுக் காலையில் போன் பண்ணினான். "அக்கா, ஒரு எட்டு வந்துட்டுப் போ." உத்தமபாளையம் என்ன அமெரிக்காவா? இங்கே கம்பத்தில் பஸ் ஏறினால் அரை மணி.

மச்சானிடம் கேட்டேன். "நாளைக்குப் போ. இன்னைக்கு சார் வர்றாரு, தெரியும்ல?"

இன்றைக்குப் போய்வந்தேன். அம்மா என் கையைத் தடவிக்கொண்டே, "மாப்ள வரலையா?" என்றது. கடையில் வேலை என்றேன். பம்பு செட்டு, மோட்டார் ரிப்பேர்க் கடை. வேலை இருக்கத்தான் செய்யும். பொய் இல்லை.

26.7.2007

எழுதணும். எழுதாட்டி மண்டை வெடிச்சிரும்.

ஞாயித்துக்கெழமை, இருபத்திரெண்டு. மூணு மணிக்கு உக்கார வச்சாக. கண்ணக் கட்டுனாக. செல்லு ஆப். ரெண்டே முக்காலுக்குத்தேன் நௌஷாத்து மொதத் தடவ கூப்புட்டிருக்கான், நான் அடுப்படில இருந்தேன், செல்லு மாடில இருந்துச்சு. அப்புறம் பதிமூணு தடவ கூப்புட்டிருக்கான். பதிமூணு. கடைசில பைக்க எடுத்துக்கிட்டு வந்துட்டான், அம்மாவ விட்டுட்டு.

வாசல் கேட்டத் தட்டுற சத்தம் எனக்குக் கேட்டுச்சு. பாட்டுக்கு நடுவுல. கேட்டுச்சு. "யாரோ கேட்டத் தட்டுறாக"ன்னு சொன்னேன்.

"பால்காரனா இருப்பான். எந்திரிக்காத. இன்னும் நாலு ரவுண்டு இருக்கு."

ஈஸ்வரபாண்டி சாரு, "போய்ப் பாக்கட்டுமே பாய்"னாரு. ஒரே ஒரு தடவ சொன்னாரு. அப்புறம் சொல்லல.

மறுபடி தட்டுன சத்தம். ஒரு ஆளு கத்துற சத்தம். அது என் தம்பி குரலுன்னு தெரிஞ்சுச்சா? தெரிஞ்ச மாதிரிதேன் இருந்துச்சு. நான் ஏன் துண்ட அவுத்து எறியல? ஏன் எந்திரிச்சு ஓடல? ஒண்ணு, ரெண்டு, ரெண்டு, ஒண்ணு. நாலும் சரியாச் சொன்னேன். நாலும் சரி.

நாங்க போயிச் சேந்தப்ப நாலு பத்து. அம்மா மவுத்தாகி இருபது நிமிஷம். முகத்தில இன்னும் சூடு இருந்துச்சு. 'ஷர்மின் வந்துருச்சா, ஷர்மின் வந்துருச்சா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சாம்.

அடக்கம் முடிஞ்சு வந்து அவன் என்கிட்ட சொன்ன மொத வார்த்தை, "எப்பிடித் தெரியும், தெரிஞ்சா விட்டிருப்பேனா?"

அவன். மச்சான அவன்னு எழுதிட்டேன். அடிச்சு மாத்தப் போறதில்ல.

2.9.2007, ஞாயிறு

அம்மாவின் நாற்பதாம் நாள் பாத்தியா முடிந்து கம்பத்துக்கு வந்தேன். நௌஷாத் கொண்டுவந்து விட்டான், உள்ளே வரவில்லை. மச்சான் வாசலிலேயே நின்றார்.

"வந்துட்டியா? நல்லதாப் போச்சு. புது ஆப் ஆம்ப் வந்து ஒரு மாசமாக் கெடக்கு. ஒன் காதுக்காகத்தேன் மாட்டாம வச்சிருக்கேன்."

ஆப் ஆம்ப் என்பது பெட்டிக்குள் ஒலியைத் தூக்கிக் கொடுக்கிற எட்டுக்கால் சிப்பு. இன்னொரு பூச்சி என்று நினைத்துக்கொண்டேன். பையை வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன்.

9.9.2007, ஞாயிறு

கண்ணைக் கட்டினார். பழைய சிப்போடு ஒரு தடவை, புதுசோடு ஒரு தடவை. இதுவரைக்கும் நான் கேட்டதிலேயே அதுதான் நன்றாக இருந்தது. புல்லாங்குழல் வாசிப்பவர் மூச்சை உள்ளே இழுக்கிறார், துளையிலிருந்து விரலை எடுக்கிறார், அந்த விரலின் ஈரம் வரைக்கும் கேட்கிறது.

"எப்படி?" என்றார். இப்போதெல்லாம் எது நல்லது என்றும் சொல்லலாமாம், அம்மா போன பிறகு கிடைத்த சலுகை.

"மணலு மாதிரி இருக்கு," என்றேன்.

"மணலா?"

"பாட்டு மேல மணலத் தூவுன மாதிரி."

சார், "எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு பாய்," என்றார்.

"ஒங்க காது பெருசா, அவ காது பெருசா?" மச்சான் அப்போதே மூடியைக் கழற்றிவிட்டார். கண்கட்டை யாரும் அவிழ்க்கவில்லை. நானே அவிழ்த்துக்கொண்டு கீழே வந்தேன்.

16.9.2007

நோன்பு மாதம். பாட்டு கிடையாது, ஆனால் ஈயப்புகை வாசனை மாடியிலிருந்து வந்துகொண்டேதான் இருக்கிறது. நோன்பு வைத்துக்கொண்டு பொய் சொல்லக் கூடாது என்று பயந்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை.

4.11.2007, ஞாயிறு

மணல் போய், ஈரத்துணி வந்து, இப்போது தகரம். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவருக்கு ஒரு வாரம் போய்விடும். கடையை செல்வமணியிடம் விட்டுவிட்டுப் பகலெல்லாம் மாடியில் உட்கார்ந்திருக்கிறார். செல்வமணி கடையில் மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிறவர், இருபது வருஷமாக இதே தொழில், அதனால் கடை ஓடுகிறது.

ஒரு விஷயம் புரிந்தது. நல்லதைக் கெடுப்பது லேசான வேலை இல்லை. முதலில் அது நல்லது என்று காதுக்குத் தெரிய வேண்டும். அவர் ஒவ்வொரு தடவை சரியான இடத்துக்கு வரும்போதும் எனக்குத் தெரிந்துவிடுகிறது, அப்போது பார்த்துத் திருப்பி விடுகிறேன். அவருக்குத் தெரிவதே இல்லை. தாளமும் கனமும் கேட்கிறது அவருக்கு. அதற்கு மேலே இருக்கிற எதுவும் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். கேட்காத இடத்தில் நான் சொல்கிறதுதான்.

இன்றைக்கு நான் 'தகரம்' என்றதும் அவர் முகம் போன போக்கு. சாப்பாடு ருசித்தது.

அம்மா இதைப் பார்த்தால் என்ன சொல்லும்? ஒன்றும் சொல்லாது. அதுதான் இல்லையே.

27.1.2008, ஞாயிறு

பெட்டிக்குள் ஒலியை வடிகட்டுகிற சிப்பு ஒன்று இருக்கிறது. அதனால்தான் ஒலி மங்குகிறதோ என்று டிசம்பரில் ஒரு பேச்சுக்குச் சொல்லிவைத்தேன். பிடுங்கினார். பிறகு, அது இருந்தபோதே தேவலை என்றேன். திரும்ப மாட்டினார். பிறகு ஒரு மாதிரி இழுத்தேன். மறுபடி பிடுங்கும்போது பலகையில் இருந்த செம்புக் கோடு இரண்டு பெயர்ந்து கையோடு வந்துவிட்டது. ஒயரை வைத்து ஒட்டுப் போட்டிருக்கிறார். உள்ளங்கையில் சூட்டுக்காயம், கொப்புளம் உடைந்து ஈரமாக இருக்கிறது.

"இப்ப?" என்று கேட்டார். பரீட்சை முடிவு பார்க்க வந்தவர் மாதிரி முகம்.

இடது பக்கம் அழுகிப்போயிருந்தது. பாடுகிறவள் சளி பிடித்தவள் மாதிரிப் பாடினாள்.

"கிட்ட வந்துட்டீக," என்றேன். "இதுதான் மச்சான். இனிமே தொடாதீக."

சிரித்தார். எத்தனை வருஷம் ஆயிற்று அவர் என்னைப் பார்த்துச் சிரித்து. காயத்துக்கு மருந்து போட்டுவிட்டேன். மெதுவாகத்தான் போட்டேன்.

10.2.2008, ஞாயிறு

அல்லிநகரத்தில் சார் வீட்டில் கூட்டம். மதுரை, திண்டுக்கல், கோட்டயத்திலிருந்துகூட ஒருவர். இன்டர்நெட்டில் பழக்கமாம். ஆளுக்கொரு பெட்டி. ஒன்பது ஆண்கள் ஹாலில், நானும் சாருடைய மனைவி அனுசுயாவும் அடுப்படியில்.

மச்சானின் பெட்டி ஓட ஆரம்பித்ததும் பேச்சு நின்றது. பிறகு ஒருவர் செருமினார். கோட்டயத்துக்காரர், "ராஜா முகம்மது சேட்டா, இதின் உள்ளில் எலி கேறியோ?" என்று கேட்டார். எலி புகுந்துவிட்டதா என்கிறார். எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட மனசோடு சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் மோசம்.

"சிரிக்காதீக," மச்சான் குரல் உயர்ந்தது. "இது என் வீட்டுக்காரி காத வச்சுச் செஞ்சது. நீங்க எல்லாரும் சேந்தாலும் அந்தக் காதுக்கு ஈடாகாது. ஈஸ்வரபாண்டி சாரக் கேளுங்க. ஷர்மின், இங்கன வா."

போனேன். முந்தானையில் கை துடைத்துக்கொண்டே.

"பத்து தடவ போடுங்க. என் பெட்டியா, சார் பெட்டியான்னு இவ சொல்லுவா. பத்துக்குப் பத்து. ஒண்ணு தப்பினாலும் இந்தப் பெட்டிய இங்கனயே ஒடச்சுப் போட்டுட்டுப் போறேன்." அப்புறம் அந்தப் புதிய ஆட்களிடம் திரும்பி, பெருமையாகத்தான், "பிள்ளதேன் இல்ல. ஆண்டவன் இவளுக்குக் காதையாச்சும் குடுத்திருக்கான்," என்றார்.

வரும் வழியெல்லாம் நான் நினைத்துவந்தது வேறு. எப்படியும் உட்காரவைப்பார், நாலைந்து தப்பாகச் சொன்னால் போதும் என்றிருந்தேன். அந்த வாக்கியம் இரண்டாவது தடவை, முன்பின் தெரியாத ஆம்பிளைகள் நடுவில்.

கண்ணைக் கட்டினார். ஒன்று என்றால் அவர் பெட்டி, இரண்டு என்றால் சாருடையது. குருடிக்குக்கூட, செவிடிக்குக்கூடத் தெரியும், அவ்வளவு வித்தியாசம். ஒன்று ஓடியபோது இரண்டு என்றேன். இரண்டு ஓடியபோது ஒன்று என்றேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் யோசிப்பது மாதிரி இருந்துவிட்டுச் சொன்னேன். பத்தும்.

துண்டை அவிழ்த்ததும் முதலில் பார்த்தது மச்சானைத்தான். உதடு உலர்ந்து வெள்ளையாக இருந்தது.

"எனக்கு எல்லாம் ஒண்ணாத்தான் கேக்குது," என்றேன். "இவுக கேக்குறாகளேன்னு இத்தன நாளா வாய்க்கு வந்ததச் சொன்னேன்."

யாரும் சிரிக்கவில்லை. பெட்டியை உடைக்கவும் இல்லை. அதைக் கையில் எடுத்துக்கொண்டு செருப்புத் தேடினார். ஈஸ்வரபாண்டி சார் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

11.2.2008

நேற்று பஸ்ஸில் தேனியிலிருந்து கம்பம் வரைக்கும் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். உத்தமபாளையத்தில் பஸ் நின்றபோது நான் வெளியே பார்க்கவில்லை.

சந்தோஷமா? ஆமாம். இதை எழுதுவதற்குள் போய்விட்டது.

5.3.2008, புதன்

மதுரையில் காது டாக்டர். அவராகத்தான் கிளம்பினார். என் காதும் பொய், அவர் காது எப்படி என்று தெரிந்துகொள்ள வேண்டுமாம். நானும் கூடப் போனேன்.

கண்ணாடி அறைக்குள் காதில் ஹெட்போன் மாட்டி உட்காரவைத்தார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் கையிலிருக்கிற பொத்தானை அமுக்க வேண்டும். வெளியே ஒரு பெண் குமிழைத் திருகித் திருகி விடுகிறாள். முதலில் டக், டக் என்று அமுக்கினார். பிறகு நிறுத்தினார். அந்தப் பெண் திருகிக்கொண்டே போகிறாள். பேப்பரில் புள்ளி கீழே, இன்னும் கீழே. அவர் கட்டைவிரலைப் பொத்தான் மேலேயே வைத்துக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து, அப்படிக் காத்துக்கொண்டிருந்தார். வரும் வரும் என்று. அவளோ அதற்கு மேல் திருக இடமில்லாமல் நிறுத்திவிட்டாள்.

சவுதியில் ஆறு வருஷம் ஜெனரேட்டர் அறையில் வேலை பார்த்தது. அப்போதே போயிருக்கும் என்றார் டாக்டர். சாதாரணப் பேச்சுக்குப் பெரிதாகத் தொந்தரவில்லை. மேல் சுருதி எதுவும் கிடையாது. திரும்ப வராது.

"அப்ப நான் இத்தன வருஷமா என்னத்தக் கேட்டேன்?" என்று டாக்டரிடம் கேட்டார். டாக்டர் அடுத்த சீட்டை எடுத்துவிட்டார்.

6.4.2008, ஞாயிறு

எல்லாவற்றையும் ஈஸ்வரபாண்டி சாருக்கே கொடுத்துவிட்டார். வேனில் ஏற்றும்போது சாரைப் பார்க்காமல் ஒயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தார். மாடி அறையில் இப்போது மிளகாய் காயப்போட்டிருக்கிறேன்.

20.4.2008, ஞாயிறு

மச்சான் ஜமாத் ஆபீஸுக்குப் போயிருந்தார். சார் போன் பண்ணினார்.

"தங்கச்சி, ரெண்டு மாசமா ஒரு கணக்குத் தூங்கவிடல. ஒண்ணுந்தெரியாம வாய்க்கு வந்தது சொல்லியிருந்தா, பத்துல நாலு அஞ்சு தன்னால சரியா வந்திருக்கும். பத்தும் தப்பா வரணும்னா, பத்தும் தெரிஞ்சிருக்கணும்."

ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"பாய் ஸ்பீக்கரு இங்க என் வீட்டுல இருக்கு. போட்டுக் கேக்க மனசு வரல. ஏன் தங்கச்சி அப்படிச் செஞ்சீக?"

"எங்கம்மா மவுத்தானப்ப நீங்களும் அந்த ரூம்லதான சார் இருந்தீக," என்றேன். "கேட்டத் தட்டுறாகன்னு நான் சொன்னது ஒங்களுக்கும் கேட்டுச்சுல்ல."

பிறகு போனை வைத்த சத்தம்.

27.4.2008, ஞாயிறு

சுருளி அருவிக்குப் போகலாம் என்று அவரே கூப்பிட்டார். ஒன்பது, இல்லை, பத்து வருஷத்தில் முதல் தடவை. சித்திரை வெயிலில் தண்ணீர் நூலாகத்தான் விழுந்தது. பாறையில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார். எனக்கு. கொட்டையெல்லாம் எடுத்துவிட்டு.

இப்போதெல்லாம் இப்படித்தான். ஒரு மாதமாக. குரலில்கூட மெத்தென்று ஏதோ வந்துவிட்டது.

"எனக்கும் கேக்கல, ஒனக்கும் கேக்கல," என்றார். சிரித்தார். "ரெண்டு செவிடும் சேந்து ஆறு மாசமா அந்தப் பொட்டியக் கொன்னுட்டோம் பாரு. நான் ஒன்ன ரொம்பப் படுத்திட்டேன் புள்ள. ஒனக்குக் கேக்கலேன்னு தெரிஞ்சதுல எனக்கு ஒரு நிம்மதிதேன். நான் மட்டும் இல்லேல்ல."

அவர் அப்படியே இருந்திருக்கலாம். நான் ஆரஞ்சைத் தின்றுவிட்டு வீட்டுக்கு வந்திருக்கலாம். இனி வரப்போகிற வருஷமெல்லாம் இந்த மெத்தென்ற குரலோடு வாழ்ந்திருக்கலாம். அவரோடு சேர்த்து என்னையும் செவிடாக்கிவிட்டு அவர் நிம்மதியாக இருக்கிறார் — அதை என்னால் தாங்க முடியவில்லை.

"எனக்குக் கேட்டுச்சு," என்றேன்.

"என்னது?"

"எல்லாம். பத்தும் கேட்டுச்சு. செப்டம்பர்ல நீங்க மொதல்ல மாட்டுன சிப்புதான் இருக்குறதுலயே நல்லது. அத நாந்தான் மணலுன்னு சொன்னேன். அதுக்கப்புறம் நீங்க சரியாச் செஞ்சப்பல்லாம் தப்புன்னு சொன்னேன்."

உரித்த பழம் அவர் கையிலேயே இருந்தது.

"எங்கம்மாவுக்காக," என்றேன்.

பழத்தைப் பாறைமேல் வைத்தார். "அன்னைக்கு ஆப் பண்ணச் சொன்னது நாந்தேன். எந்திரிக்காதன்னதும் நாந்தேன். அது தெரியாமயா இருக்கேன்னு நெனச்ச?" என்றார். பிறகு, "கொழம்புச் சட்டியத் தூக்கி மண்டையில போட்டிருக்கலாம்ல. நான் ஒன்ன மட்டுந்தேன் நம்புனேன். அந்த எடமாப் பாத்து..."

அதோடு எழுந்து வண்டியை எடுத்தார். வண்டியில் வரும்போது நான் பிடித்துக்கொண்ட தோள் கட்டை மாதிரி இருந்தது.

15.6.2008

போட்டால் சாப்பிடுகிறார். கேட்டால் பதில் சொல்கிறார். எதையும் கேட்பதில்லை.

3.8.2008

நௌஷாத் வந்தான். அம்மாவுக்கு வருஷப் பாத்தியா அவன் தனியாகவே முடித்துவிட்டான் போல. இருபது நாள் கழித்து வந்து சொல்கிறான். "ஒன்னயும் கூப்புடத் தோணல அக்கா," என்றான். நாலு ரவுண்டும் நான் உட்கார்ந்திருந்தது அவனுக்குத் தெரியும். நான்தானே சொன்னேன்.

19.11.2008

செல்வமணி வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்று சொன்னார்.

"அக்கா, அண்ணனுக்கு மோட்டார் சத்தம் பிடிபடல. பேரிங் கரகரன்னு கத்துது, அண்ணன் நல்லாருக்குன்னு அனுப்புறாக. காமயகவுண்டன்பட்டி தவசி அண்ணன் மோட்டாரு மூணாம் நாளே இறுகிப்போச்சு. திராட்சைத் தோட்டம், பிஞ்சுப் பருவம். கடை வாசல்ல நின்னு பேசக் கூடாததெல்லாம் பேசிட்டுப் போயிட்டாரு. இந்தக் கரண்டு கட்டுல ஓடுற கொஞ்ச நேரத்துக்கும் மோட்டாரு இல்லேன்னா அவுகளும் என்ன செய்வாக?"

"நீங்க கேட்டுச் சொல்ல வேண்டியதுதான?"

"எனக்கும் அம்பத்தஞ்சு ஆச்சுக்கா. இருபது வருஷமா அந்தச் சத்தத்துலயே கெடக்கேன்."

அவர் போன பிறகு ரொம்ப நேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

20.11.2008

இன்றைக்குக் கடைக்குப் போனேன். மச்சான் பார்த்தார். வராதே என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

12.1.2009, திங்கள்

இரண்டு மாதமாகப் போகிறேன். காலை ஒன்பது மணிக்கு அங்கே இருப்பேன். மோட்டாரை ஓடவிட்டு, திருப்புளி முனையை அதன்மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பேன். உள்ளே நடப்பதெல்லாம் தெரியும். குண்டு தேய்ந்தது, கிரீஸ் காய்ந்தது, தண்டு கோணியது. ஒன்றுகூட இதுவரைக்கும் தப்பியதில்லை. தப்பாகச் சொல்ல ஒரு தடவையும் நினைத்ததில்லை.

இன்றைக்கு மூன்று மோட்டார். முதலாவதில், "பின்பக்கத்துப் பேரிங் போயிருச்சு," என்றேன். மச்சான் பிரித்தார். பின்பக்கத்தைப் பார்த்தார், போயிருந்தது. முன்பக்கத்தையும் பிரித்துப் பார்த்தார். அது நன்றாக இருந்தது. மாட்டினார்.

இரண்டாவது, சோணையம்மாள் என்று ஒரு அம்மா ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்தது. "இதுல ஒண்ணும் இல்ல. ஒயரு மட்டும் மாத்துனாப் போதும்," என்றேன். அந்த அம்மாவுக்கு சந்தோஷம், தூக்கிக்கொண்டு கிளம்பப் பார்த்தது. மச்சான், "இருங்க," என்றார். நட்டுகளைக் கழற்றி, மூடியைத் தட்டி எடுத்து, தண்டை வெளியே இழுத்து, குண்டு குண்டாக விரலால் உருட்டிப் பார்த்தார். முக்கால் மணி நேரம். ஒன்றும் இல்லை. துடைத்துத் திரும்ப மாட்டினார். அந்த அம்மா வெயிலில் ஆட்டோக்காரரோடு நின்றிருந்தது.

செல்வமணிக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, அக்கா சொன்னது ஒரு நா தப்புனதில்ல. நல்லாருக்குன்னு அக்காவே சொல்லிட்டாக. பெறகு எதுக்குண்ணே பிரிக்கிறீக?"

மச்சான் நிமிரவில்லை. கையிலிருந்த கிரீஸைத் துணியில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"அவுக சொன்னாகன்னுதேன் பிரிக்கிறேன்," என்றார்.

நான் மூன்றாவது மோட்டாருக்குச் சுவிட்சைப் போட்டேன்.